சட்டையில் பூத்த உப்பு

துவாக்குடியிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் போகிற டவுன் பஸ்ஸில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்தபடியே வரவேண்டியதுதான். சித்திரை, வைகாசியில் அந்த முதுகுகளில் பார்க்க விஷயம் இருக்கும். சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்களின் காக்கிச் சட்டையிலும் நீலச் சட்டையிலும் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடியிருக்கும். ஏரித் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழுகிற வளையங்கள் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக. வியர்வையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்த கணக்கு அது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும். நாக்கில் வைத்தால் கரிக்கும்.

அந்த முதுகுகளிலிருந்து இரண்டை மட்டும் இங்கே பிரித்து வைக்கிறேன். இவர்கள் தனி ஆட்கள் இல்லை. பல பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நான் சேர்த்துப் பிடித்த உருவங்கள். ஆகவே பெயர் வைக்கவில்லை. ஒருவர் பெரியவர். பாய்லர் பாகங்கள் செய்கிற ஷெட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக வெல்டர். இன்னொருவன் பையன். ஏசி போட்ட செல்போன் கடையில் இரண்டு வருஷம் நின்றுவிட்டு, இந்த வாரம்தான் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறான். நாள் முழுக்க நெருப்போடு கிடந்தவர் பெரியவர். ஆனால் பையன் சட்டையில்தான் உப்பு தடிதடியாகப் பூத்திருக்கிறது; பெரியவர் சட்டையில் உற்றுப் பார்த்தால்தான் கோடு தெரிகிறது. பார்க்கிறவர்கள், “பாவம், பையனப் போட்டு மாடா வேல வாங்கியிருக்காங்க” என்பார்கள்.

சட்டை சொல்வது அந்தக் கணக்கை இல்லை. அது எந்தக் கணக்கு என்று தெரியவேண்டுமானால் அந்த உப்பு வந்த வழியிலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

திருச்சிக் கடைகளுக்குக் கல்லுப்பு தூத்துக்குடியிலிருந்தும் வருகிறது, வேதாரண்யத்திலிருந்தும் வருகிறது. நான் வேதாரண்யத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த உப்புக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்துதான் ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் உப்பு அள்ளக் கிளம்பினார்கள். ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், லண்டன் வரை போய்ப் படித்து வந்த மருத்துவர், பின்னால் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத் துறையைப் பார்த்தவர். அவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக 150 மைல் நடந்தார்கள். இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியும் வழியெங்கும் சோறு கிடைத்தது. 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளிய ராஜாஜி கைதானார்.

நல்ல சித்திரை வெயிலில் 15 நாள் நடை. ஒவ்வொருவரும் வழி நெடுக ஜிப்பாவில் விட்டு வந்த உப்பு, கடைசியில் கையில் அள்ளியதைவிட நிச்சயமாக அதிகம் இருந்திருக்கும். அந்த உப்புக்கு வெள்ளைக்காரன் வரி போடவில்லை.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ‘உப்புகள்’ என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும், அதில் எல்லாமே நாம் சாப்பிடுகிற உப்பு இல்லை. பாத்தியில் விட்ட தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் அப்புறம் ஜிப்சமும் படிகின்றன. இன்னும் சுண்டி, தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் மானியில் 25 டிகிரி போமே காட்டுகிற பக்குவத்தில் சோற்றுப்பு படியத் தொடங்குகிறது. அதையும் தாண்டி 29, 30-க்கு விட்டுவிட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். அதற்குள் கசப்பு நீரை வடித்துவிட்டு உப்பை வாரிவிட வேண்டும். உப்பளத் தொழில் என்பதே ஒரு அளவுக்குக் கீழேயும் போகாமல் மேலேயும் போகாமல் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற தொழில்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அந்த வருஷத்து வேலை முடிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது கடல் சேற்றைக் கொண்டுவந்து பாத்திகளை மூடிவிட்டுப் போனது.

அங்கிருந்து உப்பு லாரி ஏறுகிறது. திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர், வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி. சங்க காலத்தில் உமணர்கள் மாட்டுவண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றியதாகப் பழைய பாடல்கள் சொல்கின்றன. அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆன தூரம் இன்றைக்கு ஒரு ராத்திரிப் பயணம். இடையில் அதன்மேல் அயோடின் தெளிக்கிறார்கள். அது தைராய்டு சுரப்பிக்குப் போகவேண்டிய சரக்கு. அதன் கதை வேறு, இப்போது வேண்டாம்.

ஷெட்டில் காலை பத்தரை மணி. பெரியவர் தூக்குவாளியைத் திறக்கிறார். பழைய சோற்று நீராகாரம், மோர் கலந்து, கல்லுப்பு போட்டது. ஒரு வாளி நீராகாரத்தில் இரண்டு கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் உப்பில் உள்ள சோடியங்களை எண்ணினால் ஒன்றுக்குப் பின்னால் 22 சைபர் போடவேண்டியிருக்கும். கரைந்த உடனேயே சோடியம் ஒரு பக்கம், குளோரைடு ஒரு பக்கம் பிரிந்துவிடுகின்றன. ‘உப்பு’ என்ற பெயர் இந்த இடத்தோடு போய்விட்டது. இனிமேல் நான் சோடியத்தின் பின்னால் போகிறேன்.

வாயில் அதை நாக்கு அடையாளம் பார்க்கிறது. வயிற்றில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. சிறுகுடலுக்கு வந்ததும்தான் அதற்கு வாசல். குடலின் உள்சுவரில் உள்ள ஒருவகைக் கதவு, சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். ஜோடி உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். இதை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரக் கூட்டமொன்றில் விளக்கினார். 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ்ன் அகதி முகாமில் காலராவில் ஆட்கள் சாய்ந்துகொண்டிருக்க, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாகக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து உயிர்களை மீட்டது இதே கதவை நம்பித்தான். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. நீராகாரத்தில் அந்தத் துல்லியம் கிடையாது. ஆனால் சோற்று மாவு குடலில் குளுக்கோஸாக உடைகிறது, உப்பு கூடவே இருக்கிறது, தண்ணீர் தாராளமாக இருக்கிறது. கதவுக்கு அது போதும்.

குடலைத் தாண்டியதும் சோடியம் ரத்தத்தில் விழுகிறது. ஒரு நிமிஷத்தில் உடம்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இங்கே அது ஒரு எண்ணைச் சந்திக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘சோடியம்’ என்ற வரிக்கு எதிரே 135 முதல் 145 வரை என்று அச்சடித்திருப்பார்களே, அந்த எண். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் எத்தனை மில்லிமோல் என்ற கணக்கு. கிராமில் சொன்னால் லிட்டருக்குச் சுமார் 3.2. கடல்நீரில் உள்ள சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நம் ரத்தம் நமக்குள் ஓடும் ஆதிக்கடல் என்று மேடையில் பேசுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் பெரியவருக்கும் பையனுக்கும், தஞ்சாவூர் ரோட்டில் காரில் ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கும் அந்த எண் 140-ஐ ஒட்டியே இருக்கும் என்பது நின்று யோசிக்க வேண்டிய விஷயம். ஒருவர் ஆறு லிட்டர் வியர்த்திருக்கிறார், ஒருவர் சொட்டுக்கூட வியர்க்கவில்லை.

இந்த மாறாத நிலையை முதலில் உற்றுக் கவனித்தவர் பிரான்சின் கிளாட் பெர்னார்ட். உடம்பின் செல்கள் வெளி உலகத்தில் வாழவில்லை, தம்மைச் சுற்றியுள்ள திரவத்தில்தான் வாழ்கின்றன. அந்த உள்சூழல் நிலையாக இருப்பதால்தான் உயிரினத்துக்குச் சுதந்திரம் என்றார் அவர். அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1926-இல் அதற்கு ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயர் வைத்தார். தமிழில் தன்னிலை காத்தல் என்கிறோம். கேனன் கிரேக்கத்தில் ‘ஒரே’ என்று பொருள்படும் ‘ஹோமோ’வை எடுக்காமல், ‘ஒத்த’ என்று பொருள்படும் ‘ஹோமியோ’வை வேண்டுமென்றே எடுத்தார். அசையாமல் நிற்பதை அவர் சொல்லவில்லை. ஆடிக்கொண்டே, விழாமல் இருப்பதைச் சொன்னார்.

ரத்தத்தில் விழுந்த சோடியம் செல்லுக்குள் போக ஓயாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே 140, உள்ளே பத்துப் பதினைந்துதான். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடப் பார்ப்பது மாதிரி. ஓடவும் செய்கிறது. ஓடி வந்ததை எல்லாம் செல் மறுபடி வெளியே இறைத்துவிடுகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற அந்தப் பம்பை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டின் நரம்பில் கண்டார்; 40 வருஷம் கழித்து 1997-இல் நோபல் கொடுத்தார்கள். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகிற ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த இறைப்புக்கே போகிறது. டெல்டாவில் கிணறு இறைத்த வீட்டுக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்கத் தேவையில்லை. மட்டம் மாறவில்லை என்றால் யாரோ இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஷெட்டுக்குள் வருவோம். 1965-இல் திருவெறும்பூர் பக்கம் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பெல். பெல்லுக்குத் தூண், குழாய், காற்றுப்பாதை என்று பாகங்கள் செய்து கொடுக்கத் துவாக்குடியைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைத்தன. அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கிய வருஷங்களில் பல ஷெட்டுகளில் பூட்டுத் தொங்கியதையும் பார்த்தோம். தகரக் கூரை, மே மாதம், தோல் ஏப்ரன், தோல் கையுறை, முகக் கவசம். கனத்த சில உலோகங்களை 200 டிகிரிக்கு மேல் முன்சூடு ஏற்றித்தான் வெல்டிங் அடிக்க முடியும். அந்தச் சூட்டின் பக்கத்தில் மணிக்கணக்கில் குந்தியிருக்க வேண்டும். ஃபேன் இருக்கிறதே என்று கேட்பவர்கள் பட்டறையைப் பார்க்காதவர்கள். வாயுக் கவசத்தோடு அடிக்கிற வெல்டிங்கில் ஃபேன் காற்றுப் பட்டால் உருகிய உலோகத்தை மூடிக் காக்கிற வாயு கலைந்துபோகும். பற்றில் பொத்தல் பொத்தலாகக் காற்றுக்குமிழி விழும். எக்ஸ்ரே எடுத்தால் மாட்டிக்கொள்ளும். சரக்கு திரும்பி வரும். ஆகவே ஃபேனை வேறு பக்கம் திருப்பி வைப்பார்கள். உலோகத்துக்கு மூச்சு முட்டக்கூடாது, மனுஷனுக்கு முட்டலாம்.

உழைக்கிற சதை, தின்றதில் கால் பங்கைத்தான் வேலையாக்குகிறது. மிச்சம் சூடு. 70 கிலோ ஆள் ஒருவர் நடுத்தர உழைப்பில் உண்டாக்குகிற சூடு வெளியே போகாமல் அப்படியே உள்ளே தங்கினால் ஒரு மணி நேரத்தில் உடம்பு 4 டிகிரி ஏறிவிடும். 37 எங்கே, 41 எங்கே. வெளிக்காற்றே 40-ஐ எட்டும்போது உடம்பிலிருந்து காற்றுக்குச் சூடு போகாது. காற்றிலிருந்து உடம்புக்குத்தான் வரும். மிச்சமிருப்பது ஒரே வழி: வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் கொண்டுபோவதில்லை. தோல் ஏப்ரனுக்குள் வழிகிற வியர்வையும் அப்படித்தான், வீண் செலவு.

நம் சோடியம் இப்போது வியர்வைச் சுரப்பியின் அடியில் இருக்கிறது. தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வரை சுரப்பிகள். ஒவ்வொன்றும், அடியில் சுருண்டு கிடக்கும் ஒரு நுண்குழல். சுருளில் ஊறுகிற நீர் ஏறத்தாழ ரத்தத்தின் உப்போடேயே ஊறுகிறது. அப்படியே வெளியே விட்டால் ஒரு ஷிப்டில் உடம்பு உப்பற்றுப் போகும். அதனால் அந்தக் குழல் மேலே ஏறி வருகிற வழியில், சுவரிலுள்ள செல்கள் சோடியத்தை எட்டிப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுக்கின்றன. பிடிக்க முடியாமல் நழுவியதுதான் தோலுக்கு வந்து, சட்டையில் பூக்கிறது. வியர்வை வேகமாகப் பொங்கினால் பிடிக்க அவகாசம் இல்லை, கரிப்பு கூடும். ஆளுக்கு ஆள் லிட்டருக்கு 20 முதல் 80 மில்லிமோல் வரை இது மாறும். நாலு மடங்கு வித்தியாசம்.

பையனுக்கு மூன்றாம் நாள் மத்தியானம் கெண்டைக்கால் சதை கல்லாகச் சுருண்டுகொண்டது. தகட்டின்மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பெரியவர் கவசத்தைத் தூக்கிவிட்டு வந்தார்.

“என்னடா?”

“கால் சுண்டி இழுக்குதுண்ணே. தாங்க முடியல.”

“காலைலேர்ந்து என்ன குடிச்சே?”

“தண்ணிதாண்ணே. நாலு பாட்டில் குடிச்சேன்.”

“வெறும் தண்ணியா? உப்பு போடாமயா?” பெரியவர் அவன் பெருவிரலைப் பிடித்து முழங்கால் பக்கம் மடக்கினார். “நீ தண்ணி குடிக்கல தம்பி, உள்ள இருக்கறத அலசி ஊத்தியிருக்கே.”

அந்த வாக்கியத்தை உடலியல் புத்தகத்தில் அப்படியே போடலாம். வியர்வையில் உப்பும் நீரும் போயின. உள்ளே வந்தது நீர் மட்டும். ரத்தத்தின் சோடியம் 140-லிருந்து சரியத் தொடங்கும். சரிவு கூடினால் தலைவலி, குமட்டல். மிகவும் கூடினால் மூளைச் செல்கள் நீர் கோத்து வீங்கும், உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இதே சதைப்பிடிப்பை 1923-இல் நெவில் மாஸ் ஆராய்ந்தார். சூடான ஆழத்தில் வெட்டிக்கொண்டே வெறும் தண்ணீர் குடித்த தொழிலாளிகளுக்குச் சதை முறுக்கியது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்த்ததும் தணிந்தது. சதைப்பிடிப்புக்கு உப்பிழப்பு ஒன்றுதானா காரணம், நரம்பின் களைப்புமா என்று இன்றும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். பையனுக்கு மோரில் உப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். அரை மணியில் எழுந்து நொண்டிக்கொண்டே போனான். அன்றிரவு அவன் உடம்புக்குள் வேறு ஒரு வேலை தொடங்கியிருந்தது.

அதைப் பார்க்கச் சிறுநீரகத்துக்குப் போக வேண்டும். பெல் பாய்லரைத் தெரிந்தவர்களுக்கு இந்த வழி எளிது. பாய்லரின் உச்சியில் ஒரு டிரம் இருக்கும். அதில் நீர்மட்டம் இறங்கினால் குழாய்கள் கருகும்; ஏறினால் தண்ணீர் நீராவியோடு டர்பைனுக்குப் போய் அதன் இலைகளைக் கெடுக்கும். டிரம்மின் மட்டம், வெளியேறும் நீராவி, உள்ளே வரும் தண்ணீர் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் வால்வைத் திறந்து மூடுகிறார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. நீராவி சுத்தமாகப் போய்விடும்; தண்ணீரிலிருந்த உப்பு டிரம்மிலேயே தங்கிக்கொண்டே வரும். அதற்காக உப்பேறிய தண்ணீரில் கொஞ்சத்தை அவ்வப்போது திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். புளோடவுன் என்று பெயர்.

சிறுநீரகத்தை உடம்பின் புளோடவுன் வால்வு என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த பாய்லர் எஞ்சினியரும் இப்படி ஒரு வால்வை வடிவமைக்க மாட்டார். வேண்டாததை மட்டும் பொறுக்கி வெளியே விடுவதுதானே புத்திசாலித்தனம்? சிறுநீரகம் முதலில் எல்லாவற்றையும் வெளியே கொட்டுகிறது. நாளைக்கு 180 லிட்டர். மூன்று லிட்டர் பிளாஸ்மா அறுபது தடவை வடிந்து வருகிறது. அதோடு போகிற சோடியத்தை உப்பாகக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. சின்னக் குடும்பம் ஒன்று மாதத்துக்கு வாங்குகிற உப்பு. பிறகு, கொட்டியதிலிருந்து வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொள்கிறது. குழலின் முதல் வளைவிலேயே மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். அடுத்த வளைவில் கால் பங்கு. கடைசியில் மிஞ்சுகிற ஒரு சில சதவீதத்தில்தான் அன்றைய கணக்கு நிதானமாகத் தீர்மானமாகிறது: இதை விடலாமா, வைத்துக்கொள்ளலாமா. வீட்டைக் காலி செய்து எல்லாச் சாமான்களையும் தெருவில் போட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைக்கிற போகிப் பண்டிகை, நாளைக்கு அறுபது முறை. இந்த முறையில் ஒரு லாபம் இருக்கிறது. உடம்பு முன்பின் பார்த்திராத நஞ்சு எது வந்தாலும் அதற்கென்று தனி வாசல் வேண்டாம். எடுத்து வைக்காமல் விட்டால் போதும்.

வைத்துக்கொள் என்று சொல்கிற குரல் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்தாலோ, குழலில் உப்பு குறைந்தாலோ சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடுகிறது. அது ஆஞ்சியோடென்சினைக் கிளப்பிவிட, அது அட்ரினலைத் தட்டுகிறது. அட்ரினல் ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது. 1953-இல் லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் பிரித்தெடுத்த ஹார்மோன். எவ்வளவோ கையெழுத்து வாங்கவேண்டிய அரசாங்கக் கோப்பு மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வேகமும் அப்படித்தான். ஆல்டோஸ்டீரோன் செல்லுக்குள் போய் மரபணுவைத் தூண்டி, புதுக் கதவுகளையும் புதுப் பம்புகளையும் செய்ய வைக்க வேண்டும். மணிக்கணக்காகும். பழகவோ நாள்கணக்காகும்.

அந்தக் கோப்பின் நகல் ஒன்று தோலுக்கும் போகிறது. சிறுநீரகக் குழலுக்குச் சொல்கிற அதே சொல்லை ஆல்டோஸ்டீரோன் வியர்வைக் குழலுக்கும் சொல்கிறது: சோடியத்தை விடாதே. அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் ஹூவர் அணை கட்டும்போது 1931 கோடையில் தொழிலாளிகள் பலர் வெயிலில் சுருண்டு செத்தார்கள். மறுவருஷம் ஹார்வர்டின் சோர்வு ஆய்வகத்திலிருந்து டேவிட் புரூஸ் டில் என்பவர் தம் குழுவோடு போய் ஆட்களின் வியர்வையைச் சேகரித்து அளந்தார். வெயிலுக்குப் பழகியவர்களின் வியர்வையில் உப்பு குறைந்திருந்தது. வியர்வை குறையவில்லை. பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்குகிறது, அதிகமாகவும் வியர்க்கிறது; ஆனால் தண்ணீரைத் தாராளமாகவும் உப்பைக் கஞ்சத்தனமாகவும் விடுகிறது. இதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஏசி அறைக்குத் திரும்பி உட்கார்ந்துவிட்டால் சில வாரங்களில் மறந்தும்விடும்.

பெரியவர் சட்டையில் கோடு ஏன் மெல்லிசு என்பது இப்போது தெரிந்திருக்கும். அவர் குறைவாக வியர்க்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ‘உடம்பு தானே பழகிக்கும்’ என்பது முதலாளிகளுக்குப் பிடித்த வாக்கியம். உடம்பு பழகுவது நிஜம். அதற்குக் கூலி கேட்பதும் நிஜம். வெயிலில் தோலுக்கு ரத்தம் பாயும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நீரும் குறைந்து, இதுவே வருஷக்கணக்கில் நடந்தால், அளவைக் காப்பாற்றுகிற உறுப்பே தேய்கிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் பழுதாகிச் செத்ததிலிருந்து உலகம் இதைப் பேசத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவும் வெயிலில் உழைப்பவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தேடிப் போன இடங்களில் உப்பளமும் ஒன்று. கண்ணுக்கெட்டியவரை உப்பு, நடுவில் நிழலோ கழிப்பிடமோ இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கிற பெண்கள். பாத்தியில் தண்ணீரின் டிகிரியை மானி வைத்துப் பார்க்கிறோம். வாருகிறவரின் டிகிரியை யார் பார்க்கிறார்கள்?

பெரியவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஷெட் சூப்பர்வைசர், “மோர்ல நல்லா உப்பு போட்டுக் குடிங்க” என்கிறார். இருவர் சொல்வதும் சரி. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை அவர் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டால், போகிற வழியில்லாத உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழாயில் அழுத்தம் கூடும். இதய அறை விரிந்து வேறொரு ஹார்மோனைச் சுரந்து, உப்பை வெளியே தள்ளச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஆள் அனுப்பும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதே உடம்பு எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். “அப்ப நான் என்னதான் பண்றது?” என்று அவர் கேட்டதற்கு மருத்துவரிடம் ஒரு வரியில் பதில் இல்லை. வேலை நாளில் மோருக்கு உப்பு, வீட்டு நாளில் ஊறுகாய் வேண்டாம் என்று அவராகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்.

அவருடைய தூக்குவாளியிலிருந்து காலை பத்தரைக்குக் கிளம்பிய சோடியத்தில் ஒரு பகுதி சாயங்காலம் டவுன் பஸ்ஸில் அவர் முதுகில் இருக்கிறது. ஒரு பகுதி எலும்பின் மேற்பரப்பில் போய் ஒட்டியிருக்கும். உடம்பின் சோடியத்தில் கணிசமானது அங்கேதான் சேமிப்பில் கிடக்கிறது. ஒரு பகுதி நரம்பில் செய்தியாக ஓடிக்கொண்டிருக்கிறது. திருவெறும்பூரில் பஸ் குலுங்கி நின்றதும் அவர் கை கம்பியை இறுக்கியதே, அப்போது நரம்புச் செல்லுக்குள் பாய்ந்தது அதுதான். மிக அதிகப் பங்கு இன்னும் ரத்தத்திலும் செல்களின் வெளியிலுமாகச் சுற்றுகிறது. இன்றைக்கு உள்ளே வந்தது எது, போன வாரத்திலிருந்து இருப்பது எது என்று பிரிக்க முடியாது.

பத்தாம் நாள் அதே பஸ். பையன் எனக்கு முன்னால் நின்றிருந்தான். கையில் அவனும் ஒரு தூக்குவாளி வைத்திருந்தான், எவர்சில்வர், புதுசு. சட்டை முதுகு முழுக்க ஈரம் இன்னும் காயவில்லை, முதல் வாரத்தைவிட அதிக ஈரம். காய்ந்த இடங்களில் தேடிப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. மெல்லிசாக.